சித்திரை விடுமுறையில் ஸ்கீ மலையேற்றம்: டெல்லியிலிருந்து குழுவாகப் போகிறவர்களுக்கு

டெல்லியில் ஏப்ரல் பிறந்தாலே கூலரைக் கழுவி ஜன்னலில் மாட்டுகிற வேலை ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் பனிக்குப் போகலாம் என்று சொன்னால் வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆனால் மணாலிக்கு மேலே 3,000 மீட்டரைத் தாண்டினால் அப்போதும் மலை வெள்ளையாகத்தான் இருக்கும். மணாலியை ஒட்டிய சோலாங் பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் புல் முளைத்திருக்கும், கீழ்ச் சரிவில் ஸ்கீ வாடகைக் கடைகள் மூட்டை கட்டியிருக்கும், சுற்றுலாக் கூட்டம் அடல் சுரங்கப்பாதை வழியாக மலைக்கு அந்தப் பக்கத்து சிஸ்ஸுவுக்குப் போயிருக்கும். நமக்கு வேண்டிய பனி அதற்கு மேலே, கூட்டம் இல்லாத இடத்தில் இருக்கும். சித்திரை ஒன்றும் அம்பேத்கர் பிறந்தநாளும் ஏப்ரல் 14-இல் சேர்ந்து வருவதால் அலுவலகத்தில் கூடுதலாக ஒரு நாள் விடுப்பு கேட்பதும் சுலபம். ஆறு வருடமாக நாங்கள் சில டெல்லித் தமிழர்கள், ஆர்.கே.புரம், முனிர்க்கா, மயூர் விஹார், துவாரகா என்று நாலு மூலையிலிருந்தும் சேர்ந்து இந்த வாரத்தில்தான் போய்வருகிறோம். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இது ஸ்கீ கற்றுக்கொள்கிற பயணம் இல்லை. ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகையின் அடியில் ஸ்கின் என்கிற ரோமப்பட்டையை ஒட்டி, குதிகாலை விடுவித்து, மலையில் நடந்தே ஏறி, உச்சிக்கோ ஒரு தோளுக்கோ போனதும் பட்டையை உரித்துவிட்டு, குதிகாலைப் பூட்டி, இயற்கையான சரிவில் இறங்குவதுதான் ஸ்கீ மலையேற்றம். 2026 மிலான்-கார்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் இது முதல்முறையாகப் போட்டியாகவே வந்துவிட்டது, ஆனால் அங்கே நடந்தது சில நிமிட ஓட்டம், நாம் பேசுவது ஒரு முழுக் காலைப்பொழுது. கேபிள்கார் கிடையாது, சீர்செய்த பாதை கிடையாது. விழுந்தால் தூக்கிப்போக ஆள் கிடையாது. கரடுமுரடான பனியில் இரண்டு பக்கமும் திருப்பி, நினைத்த இடத்தில் நிற்கத் தெரிந்தவர்கள் மட்டும் வரவேண்டும். தெரியாதவர்கள் மணாலியில் 1961 முதல் இயங்கிவரும் அரசு மலையேற்ற நிறுவனத்திலோ குல்மார்க்கில் 1968-இல் தொடங்கிய நிறுவனத்திலோ ஒரு குளிர்காலம் பயிற்சி எடுத்துக்கொண்டு அடுத்த வருடம் வரலாம். மணாலியை ஒட்டிய புருவா கிராமத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர்தான் 2018-இல் துருக்கியில் இந்தியாவின் முதல் சர்வதேச ஸ்கீ பதக்கத்தை வாங்கினார். அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கற்றுக்கொள்வதற்கு நிறைய இருக்கிறது.

கடிகாரம்தான் தலைவர்

சீசன் கடைசியில் பனி எப்படி நடந்துகொள்கிறது என்று புரிந்துவிட்டால் மற்ற எல்லா முடிவும் தானாக வரும். பகலில் வெயில் பட்டு மேல்பனி உருகுகிறது, இரவில் வானம் தெளிவாக இருந்தால் அந்தச் சூடெல்லாம் மேலே போய்விட, பனி மறுபடி உறைந்து பலகை மாதிரி ஆகிறது. காற்றின் வெப்பம் பூஜ்ஜியத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தாலும் தெளிவான வானத்துக்குக் கீழே பனியின் மேற்பரப்பு உறையும். மேகம் மூடிய இரவில் அது கம்பளி போர்த்திய மாதிரி, குளிராக இருப்பதுபோல் தோன்றினாலும் பனி உறையாது. இப்படி உருகி உறைந்து, உருகி உறைந்து சில நாள் ஆனதும் பனித்துகள் கல்லுப்பு மணி அளவுக்குப் பெரிதாகிவிடும். காலையில் அந்த உறைந்த பலகையின் மேல் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகுகிற வேளை ஒன்று வரும். அப்போது ஸ்கீ அதன் மேல் போகிற சுகம் இருக்கிறதே, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

அந்த வேளை கொஞ்ச நேரம்தான். அதற்கு முன்னால் போனால் சரிவு கண்ணாடி, தாண்டிப் போனால் கூழ். கூழான பனி கால் முட்டி வரை இழுக்கும், முழங்காலைத் திருகும், இன்னும் தாமதித்தால் ஈரப் பனிச்சரிவாகக் கீழே வரும்.

இதில் நம் ஊர் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலையைப் பற்றி எழுதியவற்றைப் படித்துவிட்டு "பதினோரு மணிவரை தாராளம்" என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆல்ப்ஸ் இருப்பது சுமார் 46 டிகிரி வடக்கில், மணாலி 32 டிகிரியில். ஏப்ரல் நடுவில் உச்சிவேளைச் சூரியன் அங்கே 54 டிகிரி உயரத்தில் நிற்கும்போது இங்கே 67 டிகிரியில் நிற்கிறது. அதாவது இங்கே வெயில் இன்னும் நேராக அடிக்கிறது. பனி அதே வேகத்தில் இளகாது, இங்கே சீக்கிரம் இளகிவிடும். போதாததற்கு, மேற்கேயுள்ள பாலைவனங்களிலிருந்து வந்து டெல்லியில் நம் பால்கனியில் படிகிற தூசி இமயமலைப் பனியிலும் போய்ப் படிகிறது. சில வருடம் ஏப்ரலில் சரிவே லேசாகப் பழுப்பு ஏறியிருக்கும். பழுப்புப் பனி வெயிலை அதிகமாக உறிஞ்சி இன்னும் சீக்கிரம் உருகும்.

கிழக்கு பார்த்த சரிவில் முதலில் வெயில் படும், அடுத்து தெற்கு, கடைசியாக மேற்கு. வடக்குச் சரிவு தனிக் கதை, அங்கே மார்ச் மாதத்துப் பழைய பனி அப்படியே உள்ளே வேறு வேறு அடுக்காக இருக்கலாம், இதமாகத் தெரிந்தாலும் அதை நம்பக் கூடாது. ஏறுகிற சரிவும் இறங்குகிற சரிவும் எந்தத் திசை பார்க்கின்றன என்று வரைபடத்தில் பார்த்து எழுதிவைத்துக்கொண்ட பிறகுதான் கிளம்பும் நேரத்தைப் பேசவேண்டும்.

நேரக் கணக்கு போடும் விதம்

மலைக்காரர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு. நடக்கவேண்டிய தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏறவேண்டிய உயரத்தை மீட்டரில் எடுத்து நூறால் வகுத்து அதோடு கூட்டுங்கள், மொத்தத்தை நாலால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். ஐந்து கிலோமீட்டர், 700 மீட்டர் ஏற்றம் என்றால் ஐந்தும் ஏழும் பன்னிரண்டு, நாலால் வகுத்தால் மூன்று மணி நேரம். டெல்லியில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற நமக்கு, உயரத்துக்கு இரண்டே நாள் பழகிய உடம்புக்கு, அதில் கால் பங்கு கூட்டவேண்டும். ஆக மூணே முக்கால். தண்ணீர், துணி மாற்றல், ஸ்கின் சரிசெய்தல் எல்லாம் சேர்த்து அரை மணி. நாலே கால் மணி நேரம். காலை நாலரைக்கு ஸ்கீ காலில் ஏறினால் 8.45-க்கு மேலே. அங்கே பொழுது விடிவது ஆறு மணி வாக்கில், எனவே முதல் ஒன்றரை மணி நேரம் தலைவிளக்கு வெளிச்சத்தில்தான்.

இப்போது முக்கியமானது. திரும்பும் நேரம் ஒன்றை முந்தைய நாள் மாலையே எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்து, ஒவ்வொருவர் கைக்கடிகாரத்திலும் அலாரம் வைக்கவேண்டும். எங்களுக்குப் பெரும்பாலும் ஒன்பது மணி. ஒன்பதுக்கு எங்கே நிற்கிறோமோ அதுதான் அன்றைய உச்சி. இன்னும் 80 மீட்டர்தான் என்றாலும் சரி, இன்னும் பத்து நிமிஷம் என்றாலும் சரி. கிளம்புவது தாமதமானால் திரும்பும் நேரம் தள்ளிப்போகாது, போகும் உயரம்தான் குறையும்.

இதை நான் கெட்டியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மூன்று வருடம் முன்னால் நாங்கள் ஏற்பாடு செய்திருந்த வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. எல்லோருக்கும் கோபம், அந்தக் கோபத்திலேயே வேகமாக ஏறினோம், ஆனால் திட்டத்தைக் குறைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்பது மணி அலாரம் அடித்தது, அணைத்துவிட்டு நடந்தோம். உச்சியில் படம் எடுத்து முடித்து இறங்க ஆரம்பிக்கும்போது 10.40. மூன்றாவது திருப்பத்தில் மயூர் விஹார் அக்காவின் ஸ்கீ அடியோடு அமிழ்ந்தது, உடம்பு முன்னே போக, கால் அங்கேயே நின்றது. முழங்கால் தசைநார் கிழிந்த வலியில் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முப்பதடி தள்ளி ஒரு பாறைக்குக் கீழிருந்து பனி உருண்டை உருண்டையாகக் கிளம்பி, தேங்காய் அளவு, பிறகு பூசணி அளவு, பிறகு ஒரு பெரிய விசிறி மாதிரி விரிந்து மெதுவாக, சத்தமே இல்லாமல் ஓடைக்குள் போய் விழுந்தது. மெதுவாகத்தான் போனது. ஆனால் அதன் குறுக்கே நின்றிருந்தால் எழுந்திருக்க முடிந்திருக்காது, ஈரப் பனி நின்றதும் சிமெண்ட் போல இறுகிவிடும். அக்காவை இரண்டு பேர் தாங்கிக் கீழே கொண்டுவர நாலு மணி நேரம் ஆனது. அவர் மறுபடி ஸ்கீ போட ஒன்றரை வருடம் ஆனது. அன்றிலிருந்து அலாரத்தை யாரும் அணைப்பதில்லை.

யாரோடு, எத்தனை பேர்

நாலு, ஐந்து பேர் சரியான அளவு. எட்டுப் பேர் சேர்ந்துவிட்டால் நாலு நாலாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக முன்னே போக ஒரு முன்னவர், கடைசியில் வர ஒரு வால், தனி மருந்துப்பெட்டி. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள், முதல் வருடம் என்றால் கட்டாயம். அந்தச் சரிவில் ஜனவரி முதல் எப்போது எவ்வளவு பனி விழுந்தது, எங்கே உடைந்தது என்று கண்ணால் பார்த்தவர் அவர்தான், நம் கைப்பேசி இல்லை.

மெதுவாக நடப்பவர் எப்போதும் முன்னவருக்குப் பின்னால் இரண்டாவதாக வரவேண்டும். கடைசியில் விட்டால் என்ன ஆகும் என்றால், முன்னே போனவர்கள் நின்று ஓய்வெடுத்து, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம், பெரியவர் ஒருவர் "போலாம்" என்று சொல்லிவிட்டால் சின்னவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். மலையில் அது ஆபத்து. நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம்: முடிவெடுக்கும் இடத்தில் வயதில் சின்னவர் முதலில் பேசவேண்டும், பெரியவர் கடைசியில். ஒருத்தர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்கலாம், வாதாடக் கூடாது. போன வருடம் முனிர்க்கா தம்பி, எங்களில் இளையவன், "அண்ணா, எனக்கு இந்தச் சரிவு சரியாப் படல" என்றான். ஏன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பினோம். அன்று அங்கே எதுவும் நடக்கவில்லை, அதற்காக அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

டெல்லியில் இருந்தபடியே தயாராவது

ஏற்றத்துக்கு மாடிப்படிதான் மருந்து. துவாரகா அண்ணன் குடியிருப்பில் பதினாலு மாடி, மாடிக்கு மூன்று மீட்டர் வைத்தால் 42 மீட்டர். பதினேழு தடவை ஏறினால் 700 மீட்டர் ஆகிவிடும், நம் மலையின் உயரமே அதுதான். எட்டு கிலோ பையோடு, வாரம் இரண்டு நாள், ஜனவரியிலிருந்து. இறங்கும்போது லிஃப்டில் வராமல் படியிலேயே இறங்குங்கள், தொடைத் தசைக்கு அதுதான் தேவை. குளிர்காலத்தில் டெல்லிக் காற்று மோசமாக இருக்கும் நாளில் வெளியே ஓடாமல் இருக்கவும் இது வசதி. மார்ச் ஆனதும் சஞ்சய் வனத்தில் ஞாயிறு காலை மூன்று மணி நேர நடை, பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு.

பீக்கன் பயிற்சியைக் கட்டாயம் டெல்லியிலேயே செய்யுங்கள். பீக்கன் என்பது 457 கிலோஹெர்ட்ஸில் துடிப்பு அனுப்புகிற சின்னக் கருவி. மார்பில் கட்டிக்கொள்ளவேண்டும், ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடுகிற நிலைக்கு மாற்றி அவரைக் கண்டுபிடிக்கவேண்டும். பனிக்கடியில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அதற்கு மேல் வாய்ப்பு மளமளவென்று குறையும். அந்த நேரத்துக்குள் கீழேயிருந்து எந்த உதவியும் வந்து சேராது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசிக்கு மேலே திரௌபதி கா டண்டா சிகரத்தில் பயிற்சிக்குப் போன பெரிய குழு பனிச்சரிவில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களெல்லாம் மலைக்குப் பழகியவர்கள். ஆகவே புதைந்தவரை எடுக்கப்போவது பக்கத்தில் நிற்கிற நாம் மட்டும்தான். ஆர்.கே.புரத்துப் பூங்காவில் ஒரு பீக்கனைத் துணிப்பையில் போட்டு, சருகுக் குவியலுக்குள் ஒளித்துவைத்துத் தேடுவோம். முதல் தடவை எனக்கு ஒன்பது நிமிடம் ஆனது. அம்புக்குறி காட்டுகிற திசையில் போய், அருகே வந்ததும் ஓடாமல், கருவியைத் தரையோடு தாழ்த்தி, திருப்பாமல், சிலுவைபோல் முன்பின், இடவலம் நகர்த்தவேண்டும் என்று கைக்குப் புரிய நாலு ஞாயிறு ஆனது. இப்போது மூன்று நிமிடத்துக்குள் எடுத்துவிடுகிறோம்.

சாமான்

பீக்கன், புதைந்தவர் இருக்கும் இடத்தைப் பனிக்குள் குத்திப் பார்க்கிற புரோப் குச்சி, பனியைத் தோண்டுகிற ஷவல், இந்த மூன்றும் ஆளுக்கொன்று. நாலு பேருக்கு இரண்டு என்ற பேச்சே கிடையாது. புரோப் நீட்டினால் 240 சென்டிமீட்டராவது இருக்கட்டும், ஷவல் பிளாஸ்டிக் வேண்டாம், ஈரப் பனியில் உடையும். பீக்கனில் புது அல்கலைன் பேட்டரி, ரீசார்ஜ் பேட்டரி போடக் கூடாது. கைப்பேசியையும் பீக்கனையும் ஒரே பக்கம் வைக்காதீர்கள். அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கருவி குழம்பும்.

ஸ்கீ விஷயத்தில் பலர் ஏமாறுவது வாடகையில். சோலாங் ஓரத்துக் கடைகளில் கிடைப்பவை கீழ்நோக்கி மட்டும் சறுக்குகிற ஸ்கீ, குதிகால் விடுபடாது, அதில் ஏறமுடியாது. ஏறுகிற பைண்டிங்கும், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கிற பூட்டும், அதற்குரிய பூட்ஸும் வழிகாட்டிகளிடம் மட்டுமே இருக்கும், அதுவும் சில ஜோடிகள்தான், காலளவு சொல்லி பிப்ரவரியிலேயே பேசி வையுங்கள். வந்து சேர்ந்த அன்று பூட்ஸை பைண்டிங்கில் மாட்டிப் பார்க்காமல் தூங்கப் போகாதீர்கள்.

ஸ்கீ கிராம்பான், அதாவது ஸ்கீக்கு அடியில் மாட்டுகிற பல் வைத்த தகடு, சீசன் கடைசிக்கு இன்றியமையாதது. விடியற்காலை உறைந்த சரிவில் ஸ்கின் மட்டும் பிடிக்காது, குறுக்கே போகும்போது வழுக்கினால் நிற்க இடமில்லை. சரிவு கண்ணாடியாகத் தெரிய ஆரம்பித்த பிறகு மாட்டலாம் என்று நினைக்காதீர்கள், அந்த இடத்தில் குனிந்து மாட்டவே முடியாது, சமமான இடத்தில் முன்கூட்டியே மாட்டிவிடுங்கள். தலைக்கவசம் ஏறும்போதும் தலையில் இருக்கட்டும்.

வெயிலில் ஈரமான ஸ்கின் நிழலுக்குள் வந்ததும் அதன் அடியில் பனி கட்டி கட்டியாக ஒட்டி, ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ ஏறின மாதிரி ஆகும். ஒரு சின்ன மெழுகுக் கட்டி வைத்திருங்கள், காலையிலேயே ரோமத்தின் போக்கில் தேய்த்துவிட்டால் தொல்லை பாதி குறையும்.

கண்ணாடி நல்ல கறுப்பாக, பக்கமும் மூடியதாக. சன்ஸ்கிரீனை மூக்குக்குக் கீழே, தாடைக்கு அடியில், காது மடலுக்குப் பின்னால் எல்லாம் தடவவேண்டும். "நம்ம நிறத்துக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது" என்று முதல் வருடம் நானும் நம்பினேன். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். வெயில் கீழேயிருந்தும் அடிக்கிறது.

செயற்கைக்கோள் தொலைபேசி பற்றிக் கேட்கிறார்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்தாலும் எடுத்துப் போகாதீர்கள். கைப்பேசியில் சிக்னல் வரும் இடம் எது என்று வழிகாட்டியிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், எண் 112. ஊரில் தங்கும் இடத்துக்காரரிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் பேசுவோம் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம்.

சாப்பாட்டில் நம் கைதான் ஓங்கி நிற்கும். சாக்லேட் அந்தக் குளிரில் பல்லை உடைக்கும், தயிர்சாதம் கட்டியாகிவிடும். நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி தடவின இட்லி, ரயிலுக்குக் கட்டுவதுபோலவே, சின்னதாக வெட்டி ஜாக்கெட்டின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்தால் எட்டு மணிக்கும் மெத்தென்று இருக்கும். கடலைமிட்டாய் நிறைய. ஆர்.கே.புரத்து மாமி ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுக்கச் சொல்லித்தந்த மிளகு ரசம், அதற்கு இணை கிடையாது. மூச்சு வாங்கி வாய் உலர்ந்திருக்கும்போது தித்திப்பு இறங்காது, உப்பும் புளியும் சூடாக உள்ளே போனால் கால் தானாக நடக்கும். ரசத்தைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், கறிவேப்பிலை ஃபிளாஸ்க் வாயில் அடைத்துக்கொள்ளும்.

போகிற நாட்கள்

டெல்லி கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம், மணாலி 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நாம் ஏறப்போவது 3,500-ஐத் தாண்டி. இரவு பஸ்ஸில் இறங்கி நேராக மலைக்குப் போகாதீர்கள். காஷ்மீரி கேட்டிலிருந்தோ மஜ்னு கா டில்லாவிலிருந்தோ மாலை ஏறினால் மறுநாள் காலை அங்கே. அன்று ஓய்வு, சாமான் சரிபார்ப்பு. இரண்டாம் நாள் மென்மையான சரிவில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கிப் பழகி, ஒரு பீக்கன் பயிற்சி, மாலை ஆறுக்குள் சாப்பாடு, எட்டு மணிக்குத் தூக்கம். மூன்றாம் நாள்தான் மலை. ஒரு நாள் பயணம் என்று பேருக்குச் சொன்னாலும் மூன்று நாள் ஒதுக்கவேண்டும். தலைவலியோடு குமட்டல் வந்தால் அது பஸ் களைப்பா, உயரமா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள், அவர் கீழேயே இருக்கட்டும், துணைக்கு ஒருவர் இருக்கட்டும்.

ரோடு எதுவரை திறந்திருக்கிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். குலாபாவைத் தாண்டி ரோஹ்தாங் பக்கம் போகிற வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 2020 அக்டோபரில் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹோல் பக்கம் போவதற்கு அது வேண்டாம், ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு பனிச்சரிவுக்குப் பேர்போனது, பாதையை வழிகாட்டிதான் சொல்லவேண்டும்.

வானிலைத் துறையின் அறிக்கையையும், பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் மூன்று நாள் முன்னிருந்தே பாருங்கள். வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்கிற, மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவருகிற வானிலை ஒன்று வந்து புதுப்பனி கொட்டியிருந்தால், அதற்கு அடுத்து வருகிற முதல் வெயில் நாள் படத்துக்கு அழகாக இருக்கும், காலுக்கு மிக மோசம். அன்று பழைய மணாலியில் தேவதாரு மரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு வாருங்கள்.

அந்தக் காலை

மூன்றரைக்கு எழுந்ததும் முதல் வேலை வெளியே போய் வானத்தைப் பார்ப்பது. நட்சத்திரம் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் சந்தேகத்தோடு கிளம்புங்கள். பனி ஆரம்பிக்கிற இடத்தில் கைக்கோலால் தட்டிப் பாருங்கள். டக் என்று மரத்தில் தட்டின சத்தம் வரவேண்டும். சொத்தென்று உள்ளே போனால் இரவு உறையவில்லை என்று அர்த்தம், ஏறாதீர்கள், அங்கேயே ரசத்தைக் குடித்துவிட்டுத் திரும்பலாம்.

கிளம்புமுன் பீக்கன் சோதனை. முன்னவர் தள்ளி நின்று தன் கருவியைத் தேடும் நிலையில் வைத்திருக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அவரைக் கடக்கவேண்டும், கடைசியில் வால் முன்னவரைச் சோதிக்கவேண்டும். இரண்டே நிமிட வேலை.

பைண்டிங்கின் முன்பக்க ஸ்பிரிங்குக்கு அடியில் பனி போய் உறைந்திருக்கும், தலைவிளக்கில் கண்ணுக்கே தெரியாது. பூட்ஸ் மாட்டின மாதிரி டிக் என்று சத்தமும் வரும், சரிவில் பாதியில் கழன்றுவிடும். ஒரு மரக்குச்சியால் குடைந்து எடுத்துவிட்டு, மாட்டிய பிறகு காலை நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்.

பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம். வியர்க்கவே கூடாது, குளிருது என்று கொஞ்சம் தோன்றுகிற நிலையில் கிளம்பினால்தான் பத்து நிமிடத்தில் சரியாக இருக்கும். ஸ்கீயைத் தூக்காமல் இழுத்து நடங்கள். சரிவு 30 டிகிரிக்கு மேல் போகிறதா என்று கைக்கோலைச் சரிவில் கிடத்தி, கைப்பேசியை அதன் மேல் வைத்து அளக்கலாம், பெரும்பாலான பனிச்சரிவு 30-க்கும் 45-க்கும் நடுவேதான் உடைகிறது. அப்படிப்பட்ட இடத்தைக் கடக்கவேண்டியிருந்தால் ஒருவர் கடந்து பாதுகாப்பான இடத்துக்குப் போய் நின்ற பிறகே அடுத்தவர், மற்றவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். மேலே விளிம்பில் பனி கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் அடியில் நிற்கவும் வேண்டாம், மேலே ஏறி எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

இறக்கத்தில் முதல் இரண்டு திருப்பத்திலேயே பனி தன் நிலையைச் சொல்லிவிடும். இன்னும் கண்ணாடியாக இருந்தால் பதினைந்து நிமிடம் காத்திருக்கலாம், ஒரே ஒருமுறை மட்டும். பாறைகளைச் சுற்றிப் பனி சீக்கிரம் இளகும், அங்கிருந்து விலகியே வாருங்கள். சின்னச் சின்ன உருண்டைகள் தானாக உருண்டு வர ஆரம்பித்தால், அல்லது ஸ்கீயைக் கழற்றி நின்றால் கணுக்காலுக்கு மேல் பூட்ஸ் இறங்கினால், அந்தச் சரிவின் நேரம் முடிந்தது. கொஞ்சம் சாய்வு குறைந்த, இன்னும் நிழலில் இருக்கிற பக்கமாக ஒதுங்கி இறங்குங்கள். பத்தரைக்குள் எல்லோரும் ரோட்டில் இருக்கவேண்டும்.

இறங்கி வந்ததும் தங்கும் இடத்துக்காரருக்குப் பேசுங்கள். அப்புறம் குளியல், சாப்பாடு, மாலை பஸ்.

டெல்லிக்கு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். ஸ்கின்னை விரித்து நிழலில் நன்றாகக் காயவைத்து, பசைப்பக்கம் அதற்கென்று வரும் வலைத்துணியை ஒட்டி மடியுங்கள். பரணில் வைக்காதீர்கள், மே மாத டெல்லிச் சூட்டில் பசை உருகி ரோமத்தோடு சேர்ந்து பாழாகிவிடும். காற்றுப்புகாத பையில் போட்டு ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில், மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்துவிடுங்கள், எங்கள் வீட்டில் நவம்பர் வரை அங்கேதான் இருக்கும். பீக்கனிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து கருவியைத் தின்றுவிடும்.